சைன் ஆஃப் நெருங்கும்போது வரும் சேனல் ஃபீவர்

சைன் ஆஃப், அதாவது பணிக்காலம் முடிந்து கப்பலை விட்டு இறங்கும் தேதி தெரிந்துவிட்டால் மனசு கப்பலில் நிற்காது. பாதிப் பெட்டி கட்டியாகிவிடும், படுத்தால் வீட்டு முகங்கள்தான். கப்பல்காரர்கள் இதைச் சேனல் ஃபீவர் என்பார்கள். உடம்பு சுடாது, ஆனால் தூக்கம் போகும், சாப்பாடு இறங்காது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். வேலை குவிவதும் துறைமுகம் நெருங்கும் இதே நாட்களில்தான்.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை (2006) சொல்லும் குறைந்தபட்ச ஓய்வு, 24 மணி நேரத்தில் 10 மணி, 7 நாளில் 77 மணி. அந்தப் பத்தையும் இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது. அதில் ஒரு துண்டாவது 6 மணிக்குக் குறையக் கூடாது. பதிவேட்டில் இது சரியாகவே இருக்கும். ஆனால் அந்த 6 மணியில் இரண்டு மணி வீடியோ காலில் போனதைப் பதிவேடு காட்டாது. கிழக்கு நோக்கிப் போகும் கப்பலில் 15 டிகிரிக்கு ஒரு மணி வீதம் கடிகாரம் முன்னே தள்ளப்படுவதால், அன்றைய நாளே 23 மணிதான். வீட்டுக்குப் பேசும் நேரத்தை வாட்ச் (முறைப் பணி) முடிந்தவுடன் வைத்துக்கொண்டு, பிறகு போனை எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் படுப்பது நல்லது.

தூக்கம் கெட்டவர் நிற்கக் கூடாத இடம் மூரிங் டெக், அதாவது கப்பலைக் கரையோடு கயிறு போட்டுக் கட்டும் தளம். நைலான் கயிறு இழுபட இழுபட நீளும், மெலியும்; அறுந்தால் சேர்ந்திருந்த விசை முழுக்கச் சாட்டையாகத் திரும்பி வரும். ரோலரிலோ பொல்லார்டிலோ (கயிறு கட்டும் இரும்புத் தூண்) சுற்றி வரும் கயிறு எந்தப் பக்கம் வீசும் என்று சொல்லவே முடியாது. தளத்தில் பெயின்ட் கோடு போட்டு, அதற்கு வெளியே நின்றால் ஆபத்தில்லை என்று நம்புவது ஏமாற்று. மூரிங் டெக் முழுவதையுமே ஆபத்துப் பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்று வளையத்துக்குள் கால் வைக்காதீர்கள். தலை கனக்கிறது என்றால் வின்ச் (கயிறு இழுக்கும் இயந்திரம்) பக்கம் போகும் முன்பே டெக் ஆட்களின் தலைவரான போசனிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து வருபவருக்கு வேலையை ஒப்படைக்கும் ஹேண்டோவர் நோட்டைக் கடைசி ராத்திரி எழுதுபவர்கள்தான் அதிகம். அப்போது விட்டுப்போவது பெரிய ரிப்பேர் அல்ல. தற்காலிகமாக பைபாஸ் செய்த அலாரம், கையால் தட்டினால்தான் திறக்கும் வால்வு, ஆர்டர் போட்டும் வராத ஸ்பேர் மாதிரியானவை. ஒரு வாரம் முன்பே தொடங்கி, வாட்ச் முடியும்போது நாலு வரி சேர்த்தால் போதும்.

வீட்டுக்குத் தேதி சொல்லாதீர்கள், "இந்த வாரத்துக்குள்" என்று சொல்லுங்கள். ரிலீவரின் (நமக்குப் பதிலாக வருபவர்) விசா, பெர்த் (துறைமுகத்தில் கப்பல் நிற்க இடம்), வானிலை, விமானம் எது தவறினாலும் நாள் தள்ளும். குழந்தையிடம் சொன்ன வெள்ளிக்கிழமை தப்பினால், தள்ளிப்போன ஒவ்வொரு நாளும் இரட்டிப்பாகக் கனக்கும்.

உடனிருப்பவர்கள் கவனிக்க ஒன்று. சாமான்களைப் பிறருக்குக் கொடுப்பது இறங்குபவர் வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று அந்தப் பேச்சையே நிறுத்தி, மெஸ்ஸுக்கும் வராமல் இருந்தால் அது ஏக்கம் மட்டுமல்ல, ஆபத்தான மனச்சோர்வாகவும் இருக்கலாம். தனியாக விடாமல் பக்கத்தில் இருங்கள், கேப்டனிடம் சொல்லுங்கள். ரேடியோ மருத்துவ ஆலோசனை கேட்கலாம். சீஃபேரர்ஹெல்ப் என்ற இலவச உதவி எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள், பேசுவது வெளியே போகாது.