குளிசை முடிந்த பிறகும் கை தடிக்கும்

வாழைச்சேனையிலிருந்து வந்த ஒரு தாய் மகனின் முன்கையை என்முன் நீட்டினார். காசநோய்க் கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்கத் தோலில் போடும் மாண்டூ ஊசியின் இடம் சிவந்து தடித்திருந்தது.

"டொக்டர், ஆறு மாசமும் ஒரு நாள் விடாமக் குளிசை குடுத்தன். இப்பயும் தடிச்சிக் கிடக்கு. புள்ளைக்குக் கிருமி போகல்லியா?"

தகப்பனின் சளியில் காசநோய்க் கிருமி இருந்ததால் பையனுக்குத் தடுப்புச் சிகிச்சை தொடங்கியிருந்தோம். அது முடிந்ததும், தாய் மனம் கேளாமல் வேறோர் இடத்தில் மறுபடி ஊசி போட்டுப் பார்த்திருக்கிறார். முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது எல்லாக் குடும்பத்துக்கும் சொல்கிறேன்.

மாண்டூவோ இக்ரா இரத்தப் பரிசோதனையோ கிருமியை நேரே தேடுவதில்லை. உடலின் எதிர்ப்புக் கலங்களுக்கு அந்தக் கிருமி ஞாபகம் இருக்கிறதா என்றே பார்க்கின்றன. கிருமி செத்தாலும் அந்த ஞாபகம் பெரும்பாலும் அழியாது. சிகிச்சை பலித்ததா என்று பார்க்க இவை உதவா.

வேறு வழி உண்டா? வெண்குருதிக் கலங்களில் எந்த மரபணுக்கள் மும்முரமாக வேலை செய்கின்றன என்று, அவை வேலை செய்யும்போது உண்டாகும் ஆர்.என்.ஏ.யை அளந்து பார்க்கலாம். காசநோயாளரில், கிருமியை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்பெரோன் சார்ந்த மரபணுக்கள் கூட்டமாகக் கிளர்ந்திருப்பதை 2010இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. கிருமி தொற்றியும் நோய் வெளிப்படாத, அதாவது மறைந்த தொற்றுள்ள, சிலரிடமும் அதே சாயல் இருந்தது. 2016இல் வெளியான இன்னோர் ஆய்வு, தென்னாபிரிக்க வளரிளம் பருவத்தினரில் 16 மரபணுக்களைக் கொண்டு, நோய் வெளிப்படுமுன்பே சிலரை இனங்கண்டது. நோயாளர் மருந்து தொடங்கினால் இரண்டு வாரத்திலேயே இந்தக் கிளர்ச்சி தணியத் தொடங்கும். மறைந்த தொற்றில்தான் சிக்கல். பெரும்பாலானோரின் இரத்தம் குளிசைக்கு முன்பே அமைதியாகத்தான் இருக்கும். தணிவதற்கு அங்கே அதிகமில்லை. சாதாரண வைரஸ் காய்ச்சலும் இதே மரபணுக்களைக் கிளப்பிவிடும். அதனால் எங்கள் கிளினிக் மேசைக்கு இது இன்னும் வந்து சேரவில்லை.

ஆக, குடித்து முடித்த குளிசைதான் எங்களுக்குக் கணக்கு. சிகிச்சையில்லாவிட்டால் தொற்றியவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினருக்கு வாழ்நாளில் நோய் வரலாம். பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளில். குளிசை குடிக்கையில் பசியின்மை, வாந்தி, கடும் நிறச் சிறுநீர், கண் மஞ்சள் எது கண்டாலும் நிறுத்திவிட்டு அன்றே வாருங்கள். ஐசோனியசிட் குடிப்பவர் சூரை போன்ற இரத்த மீன்களைத் தவிர்க்க வேண்டும். தின்றால் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கும்.

பையனுக்கு இருமல் இல்லை, எடை கூடியிருந்தது, எக்ஸ்ரேயும் தெளிவு. தாயிடம் விளக்கி முடித்தேன். பையன் மெல்லக் கேட்டான்: "இனிச் சூரை தின்னலாமா, டொக்டர்?"

"தின்னலாம் மகன்."