இயங்குதளத்தின் பெரிய மேம்படுத்தல்: எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை?

விண்டோஸ் போன்ற இயங்குதளத்துக்கு வரும் மாற்றங்கள் இரண்டு வகைப்படும். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் சிறு திருத்தங்கள் ஒரு வகை. உள்கட்டமைப்பையே மாற்றியமைக்கும் பெரிய மேம்படுத்தல்கள் மற்றொரு வகை. இரண்டுக்கும் ஒரே கால அளவை வைக்க முடியாது.

திருத்தங்களைத் தள்ளிப்போடவே கூடாது. ஒரு திருத்தம் வெளியானதும், பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து ஓட்டை எங்கே இருந்தது என்பதைத் தாக்குதல்காரர்கள் கண்டுபிடித்துவிடலாம். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாகிரை என்ற தீநிரல் பரவியபோது, அது நுழைந்த விண்டோஸ் ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது.

பெரிய மேம்படுத்தலின் சிக்கல் வேறு. கிராஃபிக்ஸ் கார்டு போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள் பெரும்பாலும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இயங்குகிறது. கெர்னல் தன் தகவல்களை நினைவகத்தில் எந்த வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறது என்பதை நம்பித்தான் அந்த டிரைவர் தொகுக்கப்பட்டிருக்கும். புதிய பதிப்பில் அந்த அடுக்கின் நடுவே 8 பைட் அளவுள்ள ஒரு புதிய தகவலைச் சேர்த்தால், அதற்குப் பின்னுள்ளவை எல்லாம் 8 பைட் நகர்ந்துவிடும். பழைய டிரைவரோ பழைய இடத்திலேயே தேடி, ஏதோ ஓர் எண்ணை நினைவக முகவரி என்று எடுத்துக்கொள்ளும். சாதாரணச் செயலி இப்படித் தடுமாறினால் அது மட்டுமே நின்றுபோகும். கெர்னலுக்குள் நடந்தால் கணினியே நின்றுவிடும். 2007இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா டிரைவர் அமைப்பைப் பெருமளவு மாற்றியதால், அதற்கு ஈடுகொடுக்கும் டிரைவர்கள் இல்லாமல் பல கருவிகள் முடங்கின.

மேம்படுத்தலை அடிக்கடி வெளியிட்டால் சோதனைக்கான காலமும் சுருங்குகிறது. விண்டோஸ் 10 ஆண்டுக்கு இருமுறை மேம்படுத்தப்பட்டுவந்த காலத்தில், 2018 அக்டோபர் பதிப்பு சில பயனர்களின் கோப்புகளை அழித்ததால் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. 2021இல் மைக்ரோசாஃப்ட் ஆண்டுக்கு ஒருமுறை என்ற முறைக்கு மாறியது. ஆப்பிளும் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. ஆனால் கணினியையும் இயங்குதளத்தையும் ஒரே நிறுவனம் தயாரிப்பதால் அது சோதிக்க வேண்டிய வன்பொருள் வகைகள் மிகக் குறைவு.

அதற்காக மாற்றாமலே இருந்துவிடவும் முடியாது. புதிய பதிப்புக்கு எழுதிய திருத்தத்தைப் பழைய பதிப்புக்கும் பொருத்த வேண்டும். ஆண்டுகள் கூடக்கூட இரண்டின் நிரல்களும் விலகிப்போவதால், அதைக் கிட்டத்தட்ட புதிதாகவே எழுத வேண்டியிருக்கும். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் வரை இந்த உழைப்பு தேவைப்பட்டது.

பலவகை வன்பொருள்களில் ஓடும் இயங்குதளத்துக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய மேம்படுத்தல் போதும் என்பதே என் உறுதியான கருத்து. லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பை வெளியிட்டாலும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் திருத்தங்களைத் தருகிறது. அடுத்த நீண்டகாலப் பதிப்பு வந்த பிறகும், பழையதிலேயே இருந்து சோதித்துப் பார்த்து மாறிக்கொள்ள ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கிடைக்கின்றன. அதுமட்டுமல்ல, ஒரு நீண்டகாலப் பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மாறும்படி வரும் அழைப்பும் வெளியீட்டு நாளன்றே வருவதில்லை. தொடக்கக் குறைகளைக் களைந்த முதல் திருத்தப் பதிப்பு சில மாதங்கள் கழித்து வெளியான பிறகே வருகிறது.