உள்பக்கம் பார்த்தீர்களா?

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை. விழுப்புரம் பைபாஸில் இருக்கும், சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் எங்கள் அலைன்மென்ட் கடைக்கு ஒரு பழைய செடான் வந்தது. ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். “மதுரைக்குப் போய் மகளைக் கூட்டிட்டு வரணும் தம்பி. காத்து மட்டும் பாத்து விடு” என்றார்.

“டயர் எப்படி இருக்கு சார்?”

“போன வாரம்தான் குனிஞ்சு பாத்தேன். பட்டன் அப்படியே இருக்கு. இன்னும் பத்தாயிரம் தாராளமா ஓடும்.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. நின்ற இடத்திலிருந்து பார்த்தால் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டிகள், நன்றாகத்தான் தெரிந்தது. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து, முன் டயரின் உள் ஓரத்தைக் காட்டினேன். இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. உள்ளே இருக்க வேண்டிய கம்பி வெளியே வந்து பளபளத்தது. சார் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இந்தத் தொழிலில் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். டயரைப் பார்க்காதவர்கள் குறைவு. உள்பக்கம் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. ரோட்டுப் பள்ளத்தில் ஓங்கி விழுந்தாலோ, சக்கரத்தைப் பிடித்திருக்கும் டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் புஷ் போன்ற பாகங்கள் தேய்ந்தாலோ சக்கரத்தின் கோணம் மாறிவிடும். அப்புறம் டயர் ஒரு ஓரத்தை மட்டும் தரையில் தேய்த்துக்கொண்டே ஓடும். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் நமக்குத் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு கோணல் என்றால் வண்டி நேராகவே போகும், டயர் மட்டும் சத்தமில்லாமல் கரையும்.

முன் டயருக்கு ஸ்டியரிங்கை ஒடித்தாலே உள் ஓரம் தெரியும். பின் டயருக்குத் தரையில் படுக்க வேண்டாம். மொபைலில் பிளாஷ் போட்டு, டயருக்குப் பின்னால் கையை நீட்டி இரண்டு படம் எடுத்தால் போதும். வெறும் விரலால் மட்டும் தடவாதீர்கள். கம்பி குத்தினால் ஆழமாக இறங்கும், என் கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

எவ்வளவு தேய்ந்தால் மாற்றுவது? புது கார் டயரின் பள்ளம் பெரும்பாலும் 7, 8 மி.மீ. ஆழம் இருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருப்பதைப் பார்க்கலாம். டயரின் தோள்பட்டையில் ‘டி.டபிள்யூ.ஐ.’ (TWI) என்றோ சிறு முக்கோணமாகவோ இருக்கும் அடையாளத்துக்கு நேரே தேடுங்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் மீதம் 1.6 மி.மீ.தான். சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை அது. ஆனால் அதுவரை காத்திருக்க நான் சொல்வதில்லை. 3 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள் என்பேன்.

வெயில் காலத்தில் மொட்டை டயர் நம்மை நன்றாக ஏமாற்றும். காய்ந்த ரோட்டில் அது பிடிக்கத்தான் செய்யும். பந்தயக் கார்கள் பட்டனே இல்லாத டயரில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மழையில்தான் குட்டு வெளிப்படும். ஒரு டயர் தரையைத் தொடுவது ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவு இடத்தில். 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. அந்த வேகத்தில் முன்னால் வரும் தண்ணீரையெல்லாம் பள்ளங்கள் வாங்கி வெளியே தள்ள வேண்டும். பள்ளம் ஆழமில்லை என்றால் தண்ணீர் டயருக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கிவிடும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டால் அதுதான் அறிகுறி. பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஒடிக்கவும் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தால் வேகம் குறைந்து டயர் மறுபடி தரையைப் பிடிக்கும்.

தேய்மானம் வண்டியின் ஜாதகம் மாதிரி. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. அங்கங்கே திட்டுத்திட்டாக இருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ பார்க்க வேண்டும். காற்றின் அளவு டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். பக்கத்து வண்டிக்கு என்ன வைக்கிறார்கள் என்று பார்த்து வைக்காதீர்கள்.

ஆசிரியருக்கு முதலில் டை ராட் எண்டை மாற்றினோம். அதை விட்டுவிட்டு அலைன்மென்ட் மட்டும் பிடித்தால் காசுதான் வீண். முன்னால் இரண்டு புது டயர் போடச் சொன்னார். புதுசைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்த நல்ல டயர்களை முன்னால் கொண்டுவரலாம் என்றேன். “இன்ஜின் இழுக்கிறது முன்னாடிதானே? பிரேக்கும் அங்கதானே அதிகம் பிடிக்குது?” என்று கேட்டார். எல்லோரும் கேட்கும் நியாயமான கேள்விதான். ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராக ஓடப் பார்க்கும்; வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். பின் டயர் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றும், சாதாரண டிரைவரால் சமாளிக்க முடியாது. அரை மனதோடு சரி என்றார்.

செலவை நினைத்துப் பழைய டயர் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. தேய்ந்த டயரில் கத்தியால் பள்ளம் வெட்டி, கறுப்பு பாலிஷ் போட்டு விற்பதைப் பார்த்திருக்கிறேன். பள்ளத்துக்குள் அந்தச் சின்ன மேடு எங்கேயும் தென்படவில்லை என்றால் தொடாதீர்கள்.

கடைசியாக டிக்கியைத் திறக்கச் சொன்னேன். அரிசி மூட்டையை இறக்கிவிட்டு ஸ்டெப்னியை எடுத்தோம். ஒரு நாள்கூட ரோட்டில் ஓடாத டயர், பட்டன் புத்தம் புதுசு. பக்கவாட்டில் கட்டத்துக்குள் 3109 என்று நான்கு எண்கள்: 2009ஆம் ஆண்டின் 31ஆவது வாரம் செய்தது. ரப்பர் காய்ந்து, சுற்றிலும் மயிரிழை வெடிப்புகள். காற்று பார்த்தால் முள் நகரவே இல்லை.

“தம்பி, இதையும் மாத்தணுமா?” என்றார் சார். சொல்லும்போதே சிரித்துவிட்டார்.