ரிசர்வ் விழும் இடம்

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும் வண்டி, திடீரென்று இழுக்க மறுக்கும். ஆக்சிலேட்டரைத் திருகினால் வேகம் கூடாமல் குறையும். இரண்டு தடவை இடறும், ஒரு தடவை இருமும். பெட்ரோல் முள் இல்லாத வண்டியை ஓட்டிப் பழகியவர்களுக்கு அந்த நேரத்தில் யோசனையே தேவையில்லை. கை தானாகத் தொடைக்குக் கீழே போய், டேங்கின் அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பைத் தேடித் திருப்பிவிடும். நான்கைந்து நொடியில் வண்டி பழையபடி மூச்சு விடும். "ரிசர்வ் விழுந்துடுச்சு, அடுத்த பங்க்ல நிறுத்தணும்" என்று பின்னால் இருப்பவரிடம் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டே போகலாம்.

யமஹா ஆர்எக்ஸ் 100-இல் பெட்ரோல் முள் கிடையாது. டிவிஎஸ் 50-யிலும் கிடையாது. திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டில் பேட்டரி சார்ஜ் ஏறுகிறதா என்று காட்ட ஆம்பியர் மீட்டர் இருந்தது, ஆனால் பெட்ரோலைக் காட்ட எதுவும் இல்லை. அது பெரிய குறை என்றுதான் நானும் நெடுநாள் நினைத்தேன். அப்பாவின் ஆர்எக்ஸ் 100-இல் டேப்பைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்த நாளில் அந்த எண்ணம் மாறியது.

டேப்பின் மேல்பக்கம், அதாவது டேங்குக்குள் போகிற பக்கம், விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய குழாய் நிமிர்ந்து நிற்கும். அதன் அடியில், டேங்கின் தரையை ஒட்டி, இன்னொரு துவாரம் இருக்கும். டேப் 'ஆன்' நிலையில் இருந்தால் பெட்ரோல் நிமிர்ந்த குழாயின் வாய் வழியாக மட்டும்தான் இறங்க முடியும். மட்டம் அந்த வாய்க்குக் கீழே போனதும் வரத்து நின்றுவிடும். டேங்கில் இன்னும் ஒன்றோ ஒன்றரையோ லிட்டர் இருந்தாலும் அந்தப் பாதைக்கு எட்டாது. 'ரிசர்வ்' பக்கம் திருப்பினால் அடித்துவாரம் திறக்கும், மிச்சமிருப்பது இறங்கும். அவ்வளவுதான். ரிசர்வுக்கென்று டேங்குக்குள் தனி அறை இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. ஒரே பெட்ரோல், ஒரே டேங்க், இரண்டு உயரத்தில் இரண்டு வாய்.

வரத்து நின்ற அடுத்த நொடியே வண்டி நிற்பதில்லை, காரணம் பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அடியில் உள்ள சின்னக் கிண்ணம். அதற்குள் ஒரு மிதவை இருக்கும். பெட்ரோல் நிறைந்தால் மிதவை எழும்பி ஊசியைத் தூக்கி வழியை அடைக்கும், குறைந்தால் இறங்கித் திறக்கும். நம் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் பால் வால்வு செய்யும் அதே வேலை. கிண்ணத்தில் இருப்பது சில பத்து மில்லிதான். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் தரும் வண்டி ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லி குடிக்கும் என்பதால், டேங்கிலிருந்து வரத்து நின்ற பிறகும் சில நூறு மீட்டர், சில சமயம் ஒரு கிலோமீட்டர்வரை வண்டி கிண்ணத்தை நம்பி ஓடிவிடும். கிண்ணத்தில் மட்டம் இறங்க இறங்க, ஜெட் என்ற நுண்துளை வழியே ஏறும் பெட்ரோல் குறையும். பெட்ரோல் ஒழுங்காக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று அதற்கு மேல் மிஞ்சிப்போனால் சிலிண்டருக்குள் தீ சரியாகப் பிடிக்காது. நாம் உணரும் இடறல் அதுதான். டேப்பைத் திருப்பிய பிறகும் நான்கைந்து நொடி ஆவது கிண்ணம் மறுபடி நிரம்புவதற்கு.

இந்த இடறலை வெறும் எச்சரிக்கை என்று நினைத்து விட்டுவிடுகிறோம். உண்மையில் அது ஓர் அளவீடு. உலோகக் குழாயின் நுனி எந்த உயரத்தில் இருக்கிறதோ, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே மட்டத்தில்தான் ரிசர்வ் விழும். மேட்டில் ஏறும்போதும் பிரேக் அடிக்கும்போதும் முன்னும் பின்னும் ஆடுகிற முள்ளால் இவ்வளவு துல்லியமாக ஒரு புள்ளியைக் காட்ட முடியாது.

ஊரில் மெக்கானிக் அண்ணன்கள் மைலேஜ் பார்க்கச் சொல்லித்தரும் முறை இதை நம்பித்தான் நிற்கிறது. ரிசர்வ் விழுந்த இடத்தில் ஓடோமீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்விலேயே ஓட்டிப் பங்குக்குப் போய் அளந்து இரண்டு லிட்டர் போடுங்கள். டேப்பை 'ஆன்' பக்கம் திருப்பிவிட்டு ஓட்டுங்கள். மறுபடி ரிசர்வ் விழும்போது எண்ணைப் பாருங்கள். இரண்டு எண்ணுக்கும் இடையில் 90 கிலோமீட்டர் என்றால் மைலேஜ் 45.

இதில் ஒரு சந்தேகம் எனக்கு நெடுநாள் இருந்தது. பங்குக்குப் போகும் வழியில் ரிசர்வ் பெட்ரோலைக் கொஞ்சம் செலவழித்துவிட்டோமே, அதைக் கழிக்க வேண்டாமா? வேண்டாம். முதல் இடறலின்போது டேங்கில் எவ்வளவு இருந்ததோ, இரண்டாவது இடறலின்போதும் அவ்வளவுதான் இருக்கிறது. அப்படியானால் நடுவில் செலவானது, நடுவில் ஊற்றியதற்குச் சமமாக இருந்தே ஆக வேண்டும். பங்க் இரண்டு கிலோமீட்டரில் இருந்தாலும் பதினைந்தில் இருந்தாலும் கணக்கு மாறாது. டேங்க் ஃபுல் போட்டுப் பார்க்கும் முறையில் இந்த வசதி இல்லை. அங்கே ஒரு பையன் கழுத்துவரை ஊற்றுவான், இன்னொருவன் நுரை வந்ததும் நிறுத்திவிடுவான். அந்த வித்தியாசம் முழுவதும் கணக்கில் ஏறும்.

அப்புறம், முள்ளே இல்லாமல் டேங்க் நிலவரம் சொல்ல இந்த ஓர் எண் போதும். பத்து லிட்டர் டேங்க், ஒன்றரை லிட்டர் ரிசர்வ், மைலேஜ் 45 என்று வைத்துக்கொண்டால், ஃபுல் போட்ட பிறகு சுமார் 380 கிலோமீட்டரில் ரிசர்வ் விழ வேண்டும். எதிர்காற்றும் பின்னால் ஆளும் இருந்தால் முன்னதாகவே விழும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 60-இல் போகிறவர் 80-க்கு மாறினால் அது ஏறக்குறைய 1.8 மடங்காகிவிடும். ஆனால் வழக்கமான பாதையில், வழக்கமான வேகத்தில், 380-இல் விழ வேண்டியது 310-இல் விழுகிறது என்றால் வண்டி ஏதோ சொல்கிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பிரேக் ஒட்டிக்கொண்டு சுற்றலாம், கார்புரேட்டர் ஊசி சரியாக அடைக்காமல் பெட்ரோல் கசியலாம்.

பெட்ரோல் போட்ட கையோடு டேப்பை 'ஆன்' பக்கம் திருப்ப மறந்தால் மொத்த ஏற்பாடும் வீண். அடித்துவாரம் திறந்தே இருப்பதால் கடைசிச் சொட்டுவரை சத்தமில்லாமல் ஓடித் தீரும். பிறகு தள்ளிக்கொண்டு போவதுதான் வழி, அல்லது யாராவது பின்னாலிருந்து கால் கொடுத்துத் தள்ள வேண்டும். டேங்க் மூடியைச் சாத்தும்போதே டேப்பையும் தொட்டுப் பார்ப்பது என்று பழக்கிக்கொண்டால் போதும். நான் அப்படித்தான் பழகினேன்.

அப்படிக் காலியாகி நின்றாலும் ஒரு கடைசி வாய்ப்பு உண்டு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் டேங்க் என்பது பெட்டி அல்ல. ஃப்ரேமின் முதுகுக் குழாய் மேல் குதிரைச் சேணம்போல இரண்டு பக்கமும் தொங்கும். டேப் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். மட்டம் நடு மேட்டுக்குக் கீழே போய்விட்டால், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் குழாய் இல்லாத வண்டிகளில் மறுபக்கத்துப் பெட்ரோல் அங்கேயே சிறைப்பட்டுக் கிடக்கும். டேப் இருக்கும் பக்கமாக வண்டியை நன்றாகச் சாய்த்தால் அது மேட்டைத் தாண்டி வழிந்து வரும். நடுரோட்டில் ஒருவர் வண்டியைப் படுக்க வைத்துத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதற்குக் காரணம் இதுதான். இந்த வடிவத்தால்தான் டேங்குக்குள் குச்சி விட்டுப் பார்ப்பதும் ஏமாற்றும். மேலே ஒரு அங்குலம் குறைவதும் கீழே ஒரு அங்குலம் குறைவதும் ஒரே அளவல்ல. குச்சியை நம்ப வேண்டுமென்றால் லிட்டர் லிட்டராக ஊற்றி ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கும்போதே ரிசர்வ் விழுந்ததுபோல வண்டி நிற்பதும் உண்டு. எனக்கு ஒரு முறை நடந்தது. டேங்குக்கு பெயின்ட் அடித்து வாங்கிய மறுநாள், ஃபுல் போட்டு இருபது கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன், இடற ஆரம்பித்தது. ரிசர்வுக்குத் திருப்பியும் பலனில்லை. மூடியைத் திறந்தபோது 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. வண்டி உடனே கிளம்பியது. மூடியில் ஊசிமுனை அளவு ஒரு காற்றுத் துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று வந்தாக வேண்டும். துளையைப் பெயின்ட் அடைத்துவிட்டதால் உள்ளே அழுத்தம் குறைந்து, பெட்ரோல் கீழே இறங்க முடியாமல் நின்றுவிட்டது. தண்ணீர் கேனைக் காற்றுப் புகாமல் கவிழ்த்தால் தண்ணீர் திக்கித் திக்கி வருவதைப்போல. குண்டூசியால் குத்தித் துளையைத் திறந்தேன், சரியாகிவிட்டது.

மூடியைத் திறக்காமலே மட்டத்தைக் காண ஒரு வழி இருக்கிறது, அதை நம் வீட்டுச் சமையலறையில் எல்லோரும் செய்திருக்கிறார்கள். கேஸ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காத்திருப்போம். காலியான மேல்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும், திரவம் இருக்கும் அடிப்பகுதி நேரம் எடுத்துக்கொள்ளும். பெட்ரோல் டேங்கும் அப்படித்தான். ஒரு லிட்டர் பெட்ரோலின் சூட்டை ஒரு டிகிரி ஏற்றத் தேவைப்படும் வெப்பம், ஒரு லிட்டர் காற்றுக்குத் தேவைப்படுவதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். காலை வெயிலில் கொஞ்ச நேரம் நின்ற டேங்கின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே மெல்ல இறக்குங்கள். மேலே சுடும் தகடு, ஓரிடத்தில் சட்டென்று குளிரும். அந்தக் கோடுதான் பெட்ரோல் மட்டம்.

ரிசர்வ் டேப்புக்குப் பதில் எச்சரிக்கை விளக்கு வைத்த வண்டிகள் பலவற்றில் இதே தத்துவம்தான் வேலை செய்கிறது. டேங்கின் அடியில் தெர்மிஸ்டர் என்ற சின்ன உணரி இருக்கும். அதன் வழியே மெல்லிய மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். பெட்ரோலில் மூழ்கியிருக்கும்வரை சூடாக முடியாது, மின்தடை அதிகமாக இருக்கும். மட்டம் இறங்கி அது வெளியே தலைகாட்டியதும் சூடேறும், தடை குறையும், விளக்கு எரியும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் நம் ஊர்ப் புது வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் மறைந்து, எரிபொருளைப் பீய்ச்சும் முறை வந்துவிட்டது. மேலிருந்து தானாக இறங்கிய பெட்ரோலை இப்போது டேங்குக்குள் இருக்கும் மோட்டார் பம்பு தள்ளுகிறது. அந்தப் பம்பைக் குளிர்விப்பதும் அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் என்பதால், விளக்கு எரிந்த பிறகும் இழுத்துக்கொண்டே போவது பம்புக்கு நல்லதல்ல.

மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. செல்போன் டார்ச் போதும், தீக்குச்சியோ லைட்டரோ கிட்டேயே போகக் கூடாது. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, டேங்க் வாயிலிருந்து வழிந்து கீழே தேங்கும்.

கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும் ரிசர்வ் அளவை நம்பாமல் நானே அளந்தேன். ஒரு நாள் தெருமுனையில் ரிசர்வ் விழுந்தது. டேப்பைத் திருப்பாமல் வீட்டுவரை தள்ளிக்கொண்டு வந்து, இன்ஜின் ஆறும்வரை திறந்த வாசலில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினேன். கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி அளவுக் குவளைக்குள் விட்டு, டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினேன். கம்பி மாதிரி இறங்கிய பெட்ரோல், பிறகு நூலாகி, சொட்டாகி நின்றது. 1,150 மில்லி. அப்பா வந்து ஸ்டாண்டை எடுத்து, வண்டியை டேப் பக்கமாகத் தரையைத் தொடும் அளவுக்குச் சாய்த்துப் பிடித்தார். உள்ளே 'களக்' என்று ஒரு சத்தம், இன்னொரு 180 மில்லி வந்தது. என் மைலேஜுக்கு முதலாவது 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், இரண்டாவது எட்டு. இரண்டு எண்களையும் டூல் பாக்ஸ் மூடியின் உட்பக்கம் மார்க்கரால் எழுதிவிட்டு, பெட்ரோலைத் திரும்ப ஊற்றினோம்.