காது திருப்பி அனுப்பும் ஒலி

'பிறந்து இரண்டே நாளான என் பேத்திக்குக் காது கேட்கிறது என்று தூக்கத்திலேயே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். கேட்கிறதா இல்லையா என்று குழந்தை சொல்லாமல் இது எப்படி முடியும்?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ஒலி செவிப்பறையை அதிரவைக்கும், மூன்று குட்டி எலும்புகள் அந்த அதிர்வை, உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவின் திரவத்துக்குக் கடத்தும், அங்குள்ள மயிர்ச்செல்கள் அதை மின்சமிக்ஞையாக்கி மூளைக்கு அனுப்பும். பள்ளிப் பாடம் இத்தோடு முடிந்துவிடும். அற்புதம் இதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

மயிர்ச்செல்கள் இரண்டு வகை. உள்வரிசையில் இருக்கும் சுமார் 3,500 செல்கள்தான் மூளைக்குச் சேதி சொல்பவை. வெளிவரிசையில் சுமார் 12,000 இருந்தும் அவை மூளைக்கு அனுப்பும் தகவல் மிகக் குறைவு. அவற்றின் வேலை ஆடுவது! அவற்றின் சவ்வில் பிரெஸ்டின் என்ற புரதம் அடர்ந்திருக்கிறது. ஒலி வந்து செல்லின் மின்னழுத்தம் மாறும்போதெல்லாம் இந்தப் புரதம் வடிவம் மாற, செல்லே நீண்டு சுருங்குகிறது, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் உந்திவிடுவது போல, மெல்லிய அதிர்வை இவை பெருக்கிக் கொடுக்கின்றன. இந்த உந்தல் இல்லாவிட்டால் கேட்கும் திறன் 40 முதல் 60 டெசிபல் வரை குறைந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவதே சரியாகக் காதில் விழாது.

உந்தும் ஆற்றலில் கொஞ்சம், வந்த வழியே திரும்புகிறது. எலும்புகள் வழியாக வந்து செவிப்பறையை உள்ளிருந்து அதிரவைக்கிறது. அதாவது, காது தானே ஒலி எழுப்புகிறது.

காதுக்குள் இப்படி ஒரு பெருக்கி இருந்தே ஆகவேண்டும் என்று இயற்பியலாளர் தாமஸ் கோல்ட் 1948-லேயே வாதிட்டார். யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. காக்ளியா ஆய்வுக்காக 1961-ல் நோபல் பரிசு பெற்ற பெக்கெசி ஆராய்ந்தவை பெரும்பாலும் இறந்தவர்களின் காதுகள். அவற்றில் வெளிவரிசைச் செல்கள் எப்படி ஆடும்? 1978-ல்தான் லண்டனில் டேவிட் கெம்ப் அந்த ஒலியை மைக்ரோஃபோனில் பதிவு செய்தார். 'இதனால் என்ன லாபம்?' என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்குப் பணம் மறுப்பவர்கள் இந்த முப்பது வருடக் கதையைப் படிக்க வேண்டும்.

பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் ஓ.ஏ.இ. (Otoacoustic Emission, அதாவது காது எழுப்பும் ஒலி) பரிசோதனை இதை நம்பித்தான் நடக்கிறது. குழந்தையின் காதில் மெத்தென்ற சிறு முனையை வைத்து, உதாரணமாக 2000, 2400 ஹெர்ட்ஸ் என்று இரண்டு சுருதிகளை ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவார்கள். நலமான காதிலிருந்து நாம் அனுப்பாத மூன்றாவது சுருதி ஒன்று, 1600 ஹெர்ட்ஸில், திரும்பி வரும். அது வந்தால் வெளிவரிசைச் செல்கள் வேலை செய்கின்றன என்று பொருள். குழந்தை அழாமல் இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

முடிவு 'ரெஃபர்' (மேலும் சோதிக்க வேண்டும்) என்று வந்தால் பதற வேண்டாம். பிறந்த முதல் நாள் காதில் ஈரமும், பிறக்கும்போது தோலில் படிந்திருக்கும் வெண்மாவும் அடைத்திருந்தாலே அப்படி வரும். ஆனால் மறுபடி சோதிக்கத் தவறவே கூடாது. இன்னொன்றும் உண்டு: செல்கள் நன்றாக இருந்து நரம்பில் கோளாறு இருந்தால் ஓ.ஏ.இ. 'பாஸ்' காட்டிவிடும். அதனால்தான் கடுமையான மஞ்சள்காமாலை வந்த குழந்தைகளுக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கும் தலையில் எலக்ட்ரோடு ஒட்டி, நரம்பு வழியே மூளைக்குச் சமிக்ஞை போகிறதா என்று பார்க்கும் பெரா (BERA) பரிசோதனையும் தேவை.

ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று குழந்தைகள் கேட்கும் குறைபாட்டுடன் பிறக்கின்றன. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதே உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு. இங்கோ, 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்' என்று காத்திருக்கிறோம், நாக்கில் வசம்பு தேய்க்கிறோம். வசம்பு நாக்கோடு நின்றுவிடும், காக்ளியாவுக்குப் போகாது. கைதட்டினால் திரும்புகிறதே என்பார்கள். காற்று முகத்தில் பட்டாலும் நிழல் அசைந்தாலும் குழந்தை திரும்பும். சொந்தத்துக்குள் திருமணம் செய்த குடும்பங்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பிறவிக் காதுகேளாமைக்கான மரபணுக் கோளாறு அங்கே கூடிவர வாய்ப்பு அதிகம்.

பிரசவம் நடக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இந்தக் கருவியும் அதை இயக்கத் தெரிந்தவரும் இருந்தே தீர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை நீங்களே கேளுங்கள்: டிஸ்சார்ஜ் ஆவதற்குள் ஓ.ஏ.இ. எடுத்தார்களா, இரண்டு காதுக்கும் முடிவு என்ன, மறுபடி வரச் சொன்னால் எந்தத் தேதியில்?