பைப் ஒட்டில் வெளித்தோற்றத்தை நம்ப வேண்டாம்

யாழ்ப்பாணத்தில் வெல்டிங் பழகுபவர்கள் பெரும்பாலும் கேற், கிறில் என்று தட்டையான இரும்பிலேயே கையைப் பழக்கிவிட்டு, பிறகுதான் தண்ணீர்த் தாங்கி ஏற்றும் சட்டத்துக்கோ கிணற்றுப் பம்பியின் பைப்புக்கோ வருகிறார்கள். தட்டையான இரும்பில் றொட்டை (உருகி ஒட்டாகும் வெல்டிங் குச்சியை) ஒரே சாய்வில் பிடித்து இழுத்தாலே போதும். பைப்பில், றொட் நகர நகர இரும்பின் முகம் திரும்பிக்கொண்டே போவதால், மணிக்கட்டும் கூடவே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஆர்க் (றொட் நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்சுடர்) நீண்டு, றொட்டின் பூச்சு உருகி வரும் கசடு, உருகிய இரும்பை முந்திக்கொண்டு ஓடி ஒட்டுக்குள்ளேயே அகப்பட்டுவிடும். மேலே வரி வரியாக அழகாகத் தெரியும் அந்த ஒட்டின் அடியில் பைப்புகள் ஒன்றையொன்று பற்றியே இருக்காது.

ஆகவே முகமூடியை இறக்கும் முன், ஆர்க் பிடிக்காமலே அரைச் சுற்று முழுவதையும் கையால் ஓட்டிப் பார்ப்பது நல்லது. முழங்கை எங்கே தட்டுகிறது, கேபிள் எங்கே இழுக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். படுக்கையாக நிற்கும் பைப்பில், பைப்பின் வாயைக் கடிகார முகமாக நினைத்து, அடியிலுள்ள 6 மணி இடத்தைச் சற்றுத் தாண்டித் தொடங்கி உச்சியிலுள்ள 12 மணி வரை மேல்நோக்கி ஏற்ற வேண்டும். மறுபக்கத்தைத் தொடங்குமுன் முதல் ஒட்டின் இரு நுனிகளையும் கிறைண்டரால் சரிவாகத் தேய்த்துவிட வேண்டும். கசிவு பெரும்பாலும் இந்தச் சந்திப்புகளில்தான் வருகிறது.

2.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள, 6013 என்ற வகை றொட்டுக்குப் பொதுவாக 60 முதல் 90 அம்பியர் போதும். ஆனால் வீட்டிலிருந்து தோட்டக் கிணறு வரை மெல்லிய வயரை நீளமாக இழுத்து வேலை செய்யும்போது மின்னழுத்தம் இறங்கிவிடுவதால், மெசின் காட்டும் எண்ணை விட உருகும் இரும்பைப் பார்த்தே கூட்டிக் குறைக்க வேண்டும். றொட் ஒட்டிப் பிடித்தால் அம்பியர் போதாது. பைப் ஓட்டையாகிறது என்றால் கூடிவிட்டது.

ஜி.ஐ. பைப்புக்கு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்புக்கு, தனிக் கவனம் தேவை. துத்தநாகம் 907 பாகை செல்சியசில் கொதித்துவிடும். இரும்பு உருகுவதற்கோ ஏறத்தாழ 1500 பாகை வேண்டும். அதனால் ஒட்டுமிடத்தின் இருபுறமும் ஓரங்குலம் வரை பூச்சைத் தேய்த்து எடுக்காவிட்டால், ஆவி ஒட்டுக்குள் துளைகளை விடுவதோடு நம் நெஞ்சுக்குள்ளும் போகும். பகலில் புகையை இழுத்தவருக்கு இரவில் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. நுரையீரலுக்குப் போன புகையைப் பால் என்ன செய்யும்? காற்று முதுகுப்புறமோ பக்கவாட்டிலோ வீச நின்று, துத்தநாகப் புகைக்கு ஏற்ற வடிகட்டியுள்ள முகக்கவசத்துடன் ஒட்டுவதே வழி. இந்தக் காய்ச்சல் வழக்கமாக ஓரிரு நாளில் விட்டுவிடும். மூச்சு முட்டினால் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

வேலை முடிந்ததும், தேய்த்தெடுத்த இடத்துக்குத் துத்தநாகப் பெயின்ற் அடிக்காமல் விட்டால், எங்கள் உப்புக்காற்றில் துரு அங்கிருந்தே தொடங்கும்.