பேரன்ட்டிங்: பெறுதல் வேறு, வளர்த்தல் வேறு

பள்ளிப் பெற்றோர் கூட்டம், குழந்தை மருத்துவரின் அறை, குடும்ப நல ஆலோசகரின் பேச்சு என்று எங்கும் 'பேரன்ட்டிங்' என்ற சொல் புழங்குகிறது. குழந்தை பிறந்தது முதல் தன் காலில் நிற்கும் வரை அதன் உடல், மனம், படிப்பு, பழக்கம் அனைத்துக்கும் பொறுப்பேற்றுச் செய்யும் வேலைக்கு அந்தப் பெயர். யார் செய்கிறார் என்பது வீட்டுக்கு வீடு மாறும், வேலை மாறாது. இந்தச் சொல்லைத் தமிழாக்கும்போது பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான்.

'பேரன்ட்' என்பதன் வேர் 'பரெரெ' என்ற இலத்தீன் வினை. ஈனுதல், பெறுதல் என்று பொருள். நம் 'பெற்றோர்' 'பெறு' என்ற வினையடியில் பிறந்தது. இரண்டு மொழிகளும் பிரசவத்தைப் பார்த்தே பெயர் வைத்திருக்கின்றன. பிறகு ஆங்கிலம் அந்தப் பெயர்ச்சொல்லையே வினையாக்கித் தொழிற்பெயர் செய்துகொண்டது. அது பெருவழக்கானது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்.

தமிழில் இந்த வேலைக்குத் தனி வினைச்சொல் வெகு காலமாகவே உண்டு. புறநானூற்று 312ஆம் பாட்டில் பொன்முடியார் 'ஈன்று புறந்தருதல்' தாயின் கடன் என்கிறார். ஈனுதல் ஒன்று, புறந்தருதல் இன்னொன்று. புறந்தருதல் என்றால் பேணிக் காத்தல். அடுத்த வரியில் சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன் என்று வேலை பிரிக்கப்படுகிறது. வேல் வடித்துக் கொடுக்கக் கொல்லனும் நன்னடை நல்க வேந்தனும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். ஒரு பிள்ளையை ஆளாக்க வீட்டுக்கு வெளியேயும் கைகள் தேவை என்ற கணக்கு அதில் இருக்கிறது. அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தலைவனோடு உடன்போக்கில் போன மகளைத் தேடிப் பாலை வழியில் நடப்பவள் செவிலிதான். நற்றாய் வீட்டிலிருந்து புலம்புவாள்.

இன்று 'பேரன்ட்டிங்' என்பதற்குப் 'பெற்றோரியம்', 'பெற்றோர்மை', 'பெற்றோராதல்', 'குழந்தை வளர்ப்பு', 'பிள்ளை வளர்ப்பு' என்று பல சொற்கள் எழுதப்படுகின்றன. 'இயம்' கொள்கைக்குப் பொருந்தும் விகுதி, அன்றாட வேலைக்கு ஒட்டாது. 'பெற்றோர்மை' தாய்மை, தந்தைமை போல ஒரு நிலையைச் சொல்கிறது. சட்டத்திலும் மருத்துவத்திலும் அதற்கு இடமுண்டு. அன்றாட வேலைக்குப் 'பிள்ளை வளர்ப்பு' என்பதே சரி. வெறும் 'வளர்ப்பு' என்று நிறுத்தினால் வளர்ப்பு மகன், வளர்ப்புப் பிராணி என்று பொருள் வேறு பக்கம் போய்விடும். 'வளர்ச்சி' குழந்தை தானாக வளர்வது, 'வளர்ப்பு' இன்னொருவர் செய்வது என்ற வேறுபாட்டையும் விட்டுவிடக் கூடாது. இரண்டரை வயதில் அடம்பிடிப்பது வளர்ச்சி. அதற்கு நாம் என்ன செய்கிறோம் என்பது வளர்ப்பு. முன்னதைப் பார்த்துவிட்டு 'வளர்ப்பு சரியில்லை' என்று தாயைக் குறை சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, அது அநியாயம்.

'சிங்கிள் பேரன்ட்' என்பதை 'ஒற்றைப் பெற்றோர்' என்கிறார்கள். 'பெற்றோர்' பலர்பால் சொல் என்பதால் அதன்முன் 'ஒற்றை' உறுத்துகிறது. ஆளைச் சொல்லும்போது 'தனித்தாய்', 'தனித்தந்தை' என்றும், வேலையைச் சொல்லும்போது 'தனியாள் வளர்ப்பு' என்றும் எழுதினால் தெளிவாக இருக்கும். தனியாள் வளர்ப்பில் முதலில் இழப்பது பணம் என்று நினைக்கிறோம். அதைவிடச் சீக்கிரம் இழப்பது மாற்றாளை. கோபம் தலைக்கேறும் நேரத்தில் 'நீ போ, நான் பார்த்துக்கிறேன்' என்று சொல்ல வீட்டில் வேறு பெரியவர் இல்லை. அதனால் விதிகளைக் குறைத்துக்கொள்வது நல்லது. தூங்கும் நேரம், அடிக்கக் கூடாது, சொல்லாமல் வெளியே போகக் கூடாது என்று மூன்று நான்கை மட்டும் இறுகப் பிடித்து, மற்றவற்றில் தளர்ந்து கொடுக்கலாம். பள்ளியிலிருந்து அவசரமாக அழைத்தால் யார் போவது என்று பக்கத்திலிருக்கும் ஒருவரின் பெயரை முன்கூட்டியே பள்ளியில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, மூத்த பிள்ளையை அந்த இரண்டாவது பெரியவராக ஆக்கிவிடுவது. தம்பிக்குச் சோறு போடுவதும் கடைக்குப் போய்வருவதும் பிள்ளையைக் கெடுக்காது. வாடகை பாக்கி, கடன்காரர் பேச்சு, பிரிந்து போன கணவர் மீதான ஆத்திரம் இவற்றை 11 வயதுப் பெண்ணிடம் இரவில் கொட்டுவதுதான் கெடுக்கும். ஆய்வாளர்கள் இதற்கு 'பேரன்டிஃபிகேஷன்' என்கிறார்கள். 'பிள்ளைமேல் பெற்றோர் பாரம்' என்று சொன்னால் எவருக்கும் புரியும். வெளியிலிருந்து பார்த்தால் அந்தப் பெண் 'பொறுப்பான பிள்ளை' என்று பாராட்டப்படுவாள். அதனாலேயே இது பிடிபடாமல் போகிறது.

தனியாக வளர்ப்பவர்களுக்காக அரசுப் படிவங்களும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கின்றன. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தாய், தந்தை, காப்பாளர் இவர்களில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரில் விதி தளர்த்தப்பட்டது. தாய் மட்டுமே உள்ள விண்ணப்பதாரருக்குப் பான் அட்டையில் தந்தை பெயர் கட்டாயமில்லை என்பது 2018 டிசம்பர் 5 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதிகம் குழப்பப்படும் சொல் 'கோ-பேரன்ட்டிங்'. விவாகரத்தானவர்களுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். ஆய்வுலகிலும் தொடக்கத்தில் அந்தப் பொருளே மேலோங்கியிருந்தது. பிறகு, ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு குழந்தையை இரண்டு பெரியவர்கள் பேசிவைத்து வளர்ப்பது என்று பொருள் விரிந்தது. அமெரிக்க ஆய்வாளர் மார்க் ஃபைன்பெர்க் 2003இல் இதை நான்கு கூறாகப் பிரித்தார்: வளர்க்கும் முறையில் ஒப்புதல், வேலைப் பங்கீடு, ஒருவரை ஒருவர் தாங்குவதா காலை வாருவதா என்பது, வீட்டுச் சூழலைச் சேர்ந்து நிர்வகிப்பது. தமிழில் 'இணைவளர்ப்பு' என்பது பொருத்தமான சொல். 'கூட்டு வளர்ப்பு' கூட்டுக் குடும்பத்தை நினைவூட்டிவிடும்.

பிரிந்து வாழும் இருவருக்கு இணைவளர்ப்பு எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்குக் காய்ச்சல் மருந்தைப் பாருங்கள். பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்று ஒரு பாட்டிலிலும், 5 மி.லி.க்கு 250 மி.கி. என்று இன்னொன்றிலும் வருகிறது. அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மி.கி. 12 கிலோ குழந்தைக்கு 120 முதல் 180 மி.கி. அம்மா வீட்டில் 120 பாட்டில் இருக்கிறது, 5 மி.லி. சரி. அப்பா வீட்டில் 250 பாட்டில். 'அஞ்சு எம்எல் குடுங்க' என்று போனில் சொன்னால் அங்கே போவது 250 மி.கி., அளவுக்கு மேல். இதோடு மாலை 6 மணிக்கு அம்மா கொடுத்தது தெரியாமல் 8 மணிக்கு அப்பா மறுபடி கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம் வேண்டும், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. ஆகவே பிள்ளையின் பையிலேயே ஒரு சிறு நோட்டு போகட்டும். மருந்தின் பெயர், 5 மி.லி.க்கு எத்தனை மி.கி., கொடுத்த அளவு, கொடுத்த நேரம் என்ற நான்கையும் எழுதினால் போதும். பாட்டிலையும் பிள்ளையோடு அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது.

மற்ற விஷயங்களிலும் இதே ஒழுங்குதான். எந்த நாள் யாரிடம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கைமாற்றுவது வீட்டு வாசலில் நடந்தால் சண்டைக்கு இடம் கொடுக்கும். காலையில் ஒருவர் பள்ளியில் விட, மாலையில் மற்றவர் பள்ளியிலிருந்து அழைத்துப் போவது அமைதியான வழி. வாட்ஸப் செய்தியில் பிள்ளையைப் பற்றிய தகவல் மட்டும் இருக்கட்டும், பழைய கணக்கு வேண்டாம். 'உங்க அப்பாகிட்ட ஃபீஸ் கட்டச் சொல்லு' என்று பிள்ளையைத் தூது அனுப்புவது இந்தக் குடும்பங்களில் தினமும் நடக்கிற கொடுமை. பதில் 'முடியாது' என்றால், அதைத் திரும்ப வந்து சொல்ல வேண்டியதும் அந்தப் பிள்ளைதான்.

பேசினாலே வெடிக்கும் என்ற நிலையில் இணைவளர்ப்பை வற்புறுத்தக் கூடாது. 'பேரலல் பேரன்ட்டிங்' என்பது அவர்களுக்கானது: நேர்ப்பேச்சைக் குறைத்து, எழுத்து மூலம் மட்டும் தொடர்பு வைத்து, அவரவர் வீட்டில் அவரவர் விதி. 'தனித்தனி வளர்ப்பு' எனலாம். இரண்டு வீட்டில் இரண்டு விதமான தூங்கும் நேரத்தைப் பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள். கண்ணெதிரே நடக்கும் சண்டைக்குத்தான் அவர்களால் பழக முடிவதில்லை. அடி உதை இருந்த வீட்டிலிருந்து வெளியேறியவரிடம் இணைவளர்ப்பைப் பற்றிப் பேசவே கூடாது. அங்கே பாதுகாப்பும் நீதிமன்ற உத்தரவும்தான் முதலில்.

நீதிமன்றம் என்றதும் வரும் இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 'கஸ்டடி' பிள்ளை யாரிடம் வாழ்கிறது என்பது, 'பராமரிப்புப் பொறுப்பு'. 'கார்டியன்' பிள்ளைக்காகச் சட்டப்படி முடிவெடுக்கவும் சொத்தைக் காக்கவும் உரியவர், 'காப்பாளர்'. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்), காப்பாளர் சட்டம் தந்தையை இயற்கைக் காப்பாளராகவும், அவருக்குப் 'பின்' தாயையும் குறிப்பிடுகிறது. 5 வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. 'பின்' என்றால் தந்தை இறந்த பின் மட்டுமல்ல, அவர் பொறுப்பெடுக்காத நிலையும் அதில் அடங்கும் என்று 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. எதுவானாலும் நீதிபதி முதலில் பார்ப்பது பிள்ளையின் நலன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எவ்வளவு உரிமை என்பது அதற்கு அப்புறம்.

இணைவளர்ப்பு என்ற பெயர் தெரியாமலேயே அதைச் செய்துவரும் பெருங்கூட்டம் வளைகுடாவில் வேலை பார்க்கும் தந்தையரும் ஊரிலிருக்கும் தாய்மாரும். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சவுதியும் குவைத்தும் கத்தாரும் இரண்டரை மணி நேரம். இங்கே பிள்ளை தூங்கப் போகும் 9 மணிக்கு ரியாதில் மாலை 6.30, அப்பா அப்போதுதான் வேலை முடித்திருப்பார். ஆகவே பேசும் நேரத்தைப் பிள்ளையின் பக்கமிருந்து முடிவு செய்ய வேண்டும். தினமும் 5 நிமிடம் பேசுவது வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரத்தைவிட மேல். 'சாப்டியா, படிச்சியா' என்ற இரண்டு கேள்வியோடு முடியும் பேச்சு சீக்கிரம் வறண்டுவிடும். இன்று வகுப்பில் வரைந்த படத்தைக் கேமராவில் காட்டச் சொன்னால் பேச்சு தானாக வளரும். 'இரு, அப்பாகிட்ட சொல்றேன்' என்று மிரட்டுவதைத் தாய் விட்டுவிட வேண்டும். தந்தையைப் பற்றிப் பிள்ளைக்குக் கிடைப்பதே ஒரு குரல்தான், அதையும் பூச்சாண்டி ஆக்கிவிடக் கூடாது. விடுமுறையில் வரும் தந்தை முதல் இரண்டு வாரம் வீட்டு விதிகளைத் தொடாமல் இருப்பது நல்லது. ஒரு வயதை ஒட்டிய குழந்தை அவரைக் கண்டு அழுதால் அது வெறுப்பு இல்லை. எட்டு ஒன்பது மாதம் முதல் புதுமுகம் கண்டு மிரள்வது வளர்ச்சியின் ஒரு படி. பிடுங்கித் தூக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடினால் சில நாளில் தானே வந்துவிடும்.

தாத்தா பாட்டி வளர்க்கும் வீட்டுக்கும் இணைவளர்ப்பு என்ற சொல் பொருந்தும். அம்மா 'போன் கிடையாது' என்று சொன்ன ஐந்தாவது நிமிடம் பாட்டி தன் போனைக் கொடுப்பது, ஃபைன்பெர்க் சொன்ன காலை வாருதலுக்கு நல்ல உதாரணம். பாட்டிக்கு அது பாசம். சண்டை போடாமல் எல்லையைப் பிரித்துக்கொள்ளலாம்: தடுப்பூசி, மருந்து, பள்ளி, போன் இவற்றில் பெற்றவர் சொல்வதே முடிவு, பகல் சாப்பாடு, தூக்கம், விளையாட்டில் பகலில் பார்த்துக்கொள்பவர் சொல்வது முடிவு.

கடைசியாக 'ஸ்டெப் பேரன்ட்டிங்', துணைவரின் முந்தைய உறவில் பிறந்த பிள்ளையை வளர்ப்பது. 'மாற்றாந்தாய்' என்ற சொல், 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்று அரசியல் மேடை வரை போய்க் கறைபட்டுவிட்டது. வீட்டில் 'சின்னம்மா', 'சித்தி', 'சித்தப்பா' என்ற அழைப்புகளே இதமானவை. 'அம்மா' என்று கூப்பிட வற்புறுத்தக் கூடாது. புதிதாக வந்தவர் முதல் நாளே கண்டிக்கத் தொடங்கினால் பிள்ளை முரண்டு பிடிக்கும், அதிலும் பத்து வயதைத் தாண்டிய பிள்ளை நிச்சயமாக. முதல் ஓரிரண்டு ஆண்டு கண்டிப்பு பெற்றவர் கையிலேயே இருக்கட்டும். புதியவர் பரிட்சைக்குக் கூட்டிப் போவது, சைக்கிள் பஞ்சர் ஒட்டிக் கொடுப்பது, பிடித்த குழம்பு வைப்பது என்று கூட இருந்தால் போதும். பெற்றவர் வெளியூர் போகும் நாட்களில் 'அம்மா போட்ட விதி இது, அவங்க வர்ற வரைக்கும் இதான்' என்று அவர் சார்பில் பேசலாம். தானாக ஒரு விதி போட்டுக் கண்டிக்கும் உரிமை, பிள்ளை தன் சங்கடங்களை அவரிடம் சொல்லத் தொடங்கிய பிறகு வருவது.